தொப்பைக்கு மிஷின் வாங்கலாமா?



சம்பளம் போட்ட வாரத்தில் பாசார் மாலாம் பக்கம் போனால் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான். மடக்கி வைக்கிற நாற்காலி மாதிரி ஒன்று, இரண்டு கைப்பிடி வைத்த சக்கரம் ஒன்று, இடுப்பில் கட்டினால் தானாகவே அதிர்கிற பெல்ட் ஒன்று. "தினம் அஞ்சே நிமிஷம், தொப்பை போயிடும்" என்கிறார்கள். வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள்.

நாற்காலியும் சக்கரமும் வயிற்றுத் தசைக்கு வேலை கொடுப்பது உண்மைதான். அந்தத் தசை பலமாக இருந்தால் முதுகுக்குத் தாங்கல். பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே நடக்கப் போக முடியாத தாய்மார்களுக்கு, வீட்டிலேயே செய்யலாம் என்பதும் ஒரு வசதி. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தசை வேறு, கொழுப்பு வேறு. தொப்பை என்பது தசைக்கு மேலேயும் வயிற்றுக்கு உள்ளேயும் சேர்ந்த கொழுப்பு. வயிற்றை மடக்கி மடக்கி எழுந்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம். எங்கிருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும், நாம் அல்ல. பத்து நிமிடம் அந்த மிஷினில் மூச்சு வாங்கினாலும், ஒரு கிளாஸ் தே தாரிக்கில் உள்ள சத்தில் பாதிகூடச் செலவாகாது. கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற பெல்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அமெரிக்காவில் ஒரு மிஷினை, தினம் 3 நிமிடம் செய்தால் இரண்டு வாரத்தில் 10 பவுண்டு குறையும் என்று விற்றார்கள். அரசாங்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012-இல், வாங்கியவர்களுக்கு 15 முதல் 25 மில்லியன் டாலர் வரை திருப்பிக் கொடுக்க விற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே இந்தக் கதை.

நம் கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். முந்நூறு வெள்ளி மிஷின் என்றால் ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. மூன்று மாதம் கழித்து அதில் துண்டு காயும்.

இன்னொன்று. செம்பனைக் குலை வெட்டி, தூக்கி வண்டியில் போடுகிற தோழரின் முதுகு ஏற்கெனவே நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்த முதுகு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையே மறுபடி மடக்கினால் யாருக்கு லாபம்? முதுகு பிடித்துக்கொண்டால் மறுநாள் பெரட்டுக்குப் போக முடியுமா? முதுகு வலி, குடல் இறக்கம் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பிள்ளை பெற்றவர்களும், ஆப்பரேஷன் செய்தவர்களும் கிளினிக் மிஸ்ஸியைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது.

"இவ்வளவு உழைச்சும் எனக்கு எப்படிங்க தொப்பை?" என்பீர்கள். தேத்தண்ணியைக் கேளுங்கள்! ஒரு நாளைக்கு நாலு கிளாஸ், ஒவ்வொன்றிலும் கெட்டிப்பால். அதோடு டின் தண்ணி, ராத்திரி ஒன்பது மணிக்கு மலை மாதிரி சோறு. நாலை இரண்டாக்கி, கெட்டிப்பாலைப் பாதியாக்குங்கள். செலவு கிடையாது, மிச்சம்தான். தோட்டத்தை விட்டு ஜாகா வேலைக்கோ லாரி ஓட்டவோ போனவர்களுக்கு உட்கார்ந்த வேலை. அவர்கள் தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும்.

வயிற்றுத் தசை பலமாக வேண்டும் என்கிறவர்களுக்குப் பாய் ஒன்று போதும். குப்புறப் படுத்து, முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக 20 நொடி நிறுத்துங்கள். இடுப்பு தொங்கக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வலித்தால் விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது தையல்காரர் டேப் ஒன்றுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் இனிப்பு நீரும் இருதய நோயும் வர வாய்ப்பு அதிகம். இந்த நாட்டில் இனிப்பு நீர் நம்மவர்களிடம்தான் மற்ற இனத்தவரைவிட அதிகம். தாண்டியவர்கள் இந்த மாதமே அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். காலையில் பசியாறாமல் போங்கள்.