ஏற்றிவிட்ட ஏணியை மறப்பதா?

ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையைக் கணிப்பொறியோடு இணைக்கின்றான் மாணவன். பலகையின் வகையையும் இணைப்பு வாயிலையும் தெரிந்தெடுத்து, ஆணைத்தொடரை ஏற்றுகின்றான். 13-ஆம் முனையின் விளக்கு கண்சிமிட்டுகின்றது. துள்ளி மகிழ்கின்றான்! அவ்வாணைகளை ஆக்கியவர் யாரென அவனுக்குச் சொன்னவர் உண்டா?

முனையின் போக்கை வரையறுக்கும் ‘பின்மோட்’, அதில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ‘டிஜிட்டல்ரைட்’ ஆகியவை ஆர்டுயினோவில் பிறந்தவை அல்ல. இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் இயங்கிய வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான் 2003-இல் தொடங்கிய ‘வயரிங்’ என்னும் ஆய்வுப் பணியில் பிறந்தவை. நுண்கட்டுப்படுத்தியின் உள்ளமைப்பை அறியாதவரும் அதனை ஆளுமாறு வழி செய்தவர் அவர். அவருக்கு வழிகாட்டிய மாசிமோ பான்சியும் பிறரும் 2005-இல் அவ்வடித்தளத்தின்மேல், விலை குறைந்த சில்லுகொண்டு ஆர்டுயினோவை எழுப்பினர்.

எழுப்பியது குற்றமன்று; எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கப்பட்டதே வயரிங். விலை குறைத்து உலகெங்கும் பரப்பியதும் பெருந்தொண்டே. ஆயின், திறந்து வைத்தவர் பெயரை மூடி வைத்துக் கற்பிப்பது எந்த அறம்? தம் பணியின் வரலாற்றை 2016-இல் தாமே எழுதி வெளியிட வேண்டிய நிலை அவருக்கு வந்ததே!

விலையின்றிக் கொடுத்தவர்க்கு உரிய கூலி பெயர் ஒன்றே. அதனையும் பறிக்கலாமா? விளக்கை எரியவிடுமுன் பயிற்றுவோர் அப்பெயரைச் சொல்லட்டும்! நன்றி கொன்ற கல்வி கல்வியாகாது!