தொடர்மாடியும் வாடகைத் தாளும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியினின்று தொழில் நாடிக் கொழும்பு செல்லும் இளைஞர் பலர் புறநகர்த் தொடர்மாடிகளிலே வாடகைக்கு அமர்கின்றனர். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் தம் மக்களுக்கு அரணாம் என்பது பெற்றோர் எண்ணம். அது பிழை. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், அவ்வாண்டு சனவரி 1இற்குப் பின்னர்க் கட்டி வாடகைக்கு விடப்பட்ட குடிமனைகளை அச்சட்டத்தினின்று விலக்கிற்று. இன்றைய நெடுமாடிகள் பெரும்பாலும் அவ்விலக்கினுள் அடங்குவன. எனவே வாடகை உயர்வும், வெளியேற்றமும், முற்பணம் மீள்வதும் முதன்மையாக உடன்படிக்கைத் தாளையே பற்றி நிற்கின்றன. அத்தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. வீட்டுத் தரகர் மேசைவரை அது இன்னும் சென்றிலது. என் பழைய மாணாக்கன் ஒருவன் ஒப்பமிட்ட பின்னரே தாளைக் கொணர்ந்து பொருள் வினவினான். இடையில் வெளியேறின் முற்பணம் மீளாது என்றிருந்தது, ஒன்பதாம் பிரிவில்.