கோப்பை மாறினால் குணம் மாறுமோ?

மெர்சிங் துறையில் படகு நாம் நினைத்த நேரத்தில் புறப்படுவதில்லை. ஆற்று முகத்தில் நீர் ஏற வேண்டும். அதுவரை தியோமான் தீவுக்குச் செல்லும் பிரயாணிகள் காத்திருக்க வேண்டும். காத்திருப்போருள் நம்மவரும் உளர். நகரத்து உத்தியோகஸ்தர், வியாபாரி, வழக்கறிஞர் எனப் பலரும் குடும்பத்தோடும் நண்பரோடும் வருகின்றனர். கடலைப்பற்றியும் பவளப்பாறையைப்பற்றியும் சிறிது நேரம் பேசியபின் பேச்சு மதுவுக்குத் தாவுகிறது. தீவிலே தீர்வை இல்லை. ஆகவே புட்டி மலிவு. ஒருவர் பிரான்சின் போர்தோவைக் கண்டு வந்தவர். மற்றொருவர் ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கைச் சுற்றியவர். “ஒயின் என்பது குடியன்று, அது ஒரு கலை. தேசங்கள் பல சென்றதனால் எமக்கு வாய்த்த ரசனை” என்பது இவர்களது வாதம். அவ்வாதத்தையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

நம் பாட்டன்மார் இந்நாட்டில் பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. பல இடங்களில் தோட்ட நிர்வாகமே அதனை நடத்திற்று. கொடுத்த கூலியை அந்தி சாய்வதற்குள் திரும்பப் பெற்றுக்கொள்ள அதனினும் சுலபமான வழி வேறு யாது? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, பெண்களின் மானம், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகிய இவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. துருப்புகள் சுட்டன, தொழிலாளர் மாண்டனர். போருக்குப்பின், 1946, 1947 ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்து அடிபட்டனர்.

வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். குடியை ஒழிக்கவேண்டுமென்று கேட்டவர்கள் அக்குடியால் அழிந்துகொண்டிருந்த தொழிலாளர்களே. சைக்கிளில் அமர்ந்து செல்லும் மரியாதையும், கள்ளுக்கடை இல்லாத தோட்டமும் அவர்களுக்கு ஒரே சுயமரியாதையின் இரு கூறுகளாகத் தோன்றின. அந்நாளிலே நகரத்துக் கனவான்கள் யாது கூறினர்? “கூலிக்காரன் குடிக்கிறான், ஆதலால் ஏழையாயிருக்கிறான்” என்றனர். இன்று அதே தொழிலாளரின் பேரர் படித்துப் பட்டம் பெற்று, கோப்பையின் தண்டைப் பிடித்துச் சுழற்றி மோந்து பார்க்கின்றனர். லயத்திலே குடித்தால் வெறி என்றும், தீவிலே குடித்தால் ரசனை என்றும் இரண்டு அகராதிகளை இவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் யாவர்?

“நாங்கள் அளவோடு அருந்துகிறோம்” என்பர். அளவையே பார்ப்போம். ஒயினில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சாராயச் சத்து இருப்பது சாதாரணம். கள்ளில் ஏறக்குறைய ஐந்து பங்கு. 750 மில்லி லிட்டர் கொண்ட ஒரு புட்டி ஒயினில் அடங்கிய சாராயம், ஏறத்தாழ 2 லிட்டர் கள்ளில் அடங்கியதற்குச் சமம். நண்பர் இருவர் விருந்தில் ஒரு புட்டியைப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு லிட்டர் கள் குடித்ததாகக் கணக்கு. மேசை விரிப்பு வெள்ளையாக இருப்பதனால் கணக்கு மாறிவிடாது.

“இது அறிவைச் சார்ந்தது, மண்ணையும் வெயிலையும் நாவால் அறியும் வித்தை” என்பது அடுத்த வாதம். நன்று. 1976 மே 24-இல் பாரிஸில் ஒரு சோதனை நடந்தது. பெயரை மறைத்துக் கொடுத்த ஒயின்களைப் பிரெஞ்சு நிபுணர்கள் சுவைத்தனர். சிவப்பிலும் வெள்ளையிலும் அவர்கள் முதலிடம் கொடுத்தவை தம் நாட்டுப் புகழ்பெற்ற புட்டிகளல்ல. அமெரிக்கக் கலிபோர்னியாவின் சரக்குகள்! 2001-இல் வெளியான போர்தோ ஆராய்ச்சி ஒன்றில், மது செய்யும் சாஸ்திரம் பயிலும் 54 மாணவருக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற செஞ்சாயம் கலந்து கொடுத்தனர். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். கண்ணும் பெயர்ச்சீட்டும் சொன்னதை நாக்கு ஒப்பித்தது. பல்லாண்டு பயின்றோர் நிலையே இதுவாயின், பத்து நாள் பிரயாணத்தில் பெற்ற ரசனை எத்தகையது?

வித்தை என்றால் கள் இறக்குவதும் வித்தையே. பாளையைக் கட்டி, பதமாகத் தட்டி, நாள்தோறும் சீவி, கலயம் கட்ட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புகுந்து சாறு புளித்துக் கள்ளாகும். திராட்சைச் சாற்றை ஒயினாக்குவதும் அதே நுண்ணுயிர்தான். உயிரைப் பணயம் வைத்து மரமேறியவனை இழிகுலத்தான் என்று ஒதுக்கிய சமுதாயம், திராட்சைத் தோட்டத்துச் சீமானைக் கலைஞன் என்று கைகுலுக்குகிறது. அறிவுக்கு மதிப்புக் கொடுப்பதாயின் இருவருக்கும் கொடுங்கள். போதையைக் கண்டிப்பதாயின் இரண்டையும் கண்டியுங்கள்.

இனி, பழந்தமிழரைச் சாட்சிக்கு இழுப்போரும் உளர். யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடியது மெய்யே. அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழ்வில் யவனரின் மதுச்சாடிகள் கிடைத்ததும் மெய்யே. அரசன் செய்தான் என்பதற்காக நாமும் செய்யவேண்டுமாயின், அரசரைப்போல் அந்தப்புரமும் அமைத்துக்கொள்வரோ? அதே தமிழில்தான் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த குறளும் இருக்கிறது.

உலகத்து வைத்திய அறிவு இவ்விஷயத்தில் கள், ஒயின் என்ற பேதம் பாராட்டவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவன என்று வகுத்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. மேலும், மேலே உள்ளவரின் மோஸ்தர் மேலேயே நின்றுவிடுவதில்லை. குடிப்பது நாகரிகம் என்று பெரியவர் காட்டினால், தீர்வையற்ற தீவுக்குப் போகக் காசில்லாத இளைஞன் கைக்கெட்டிய மலிவுப் புட்டியைத் தேடுவான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நஞ்சு கலந்த போலி மதுவால் முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் அவர்களுள் பலர். அவர்களது கோப்பையைப்பற்றி எவரும் ரசனைக் கட்டுரை எழுதவில்லை.

பிரயாணத்தை நாம் வெறுப்பவரல்லேம். கிணற்றுத் தவளையாய்க் கிடந்த நம் இனத்திற்குப் பிரயாணமே கண் திறந்தது. ஆனால் பிரயாணம் கற்பிக்க வேண்டியது யாது? மெர்சிங்கில் நீர் ஏறக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவ்வூர்ச் செம்படவர் எவ்வாறு பிழைக்கின்றனர் என்று கேட்டறியலாம். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இன்று உழைப்பவர் யார், அவர்தம் கூலி என்ன என்று விசாரிக்கலாம். போர்தோவுக்கே போனாலும், அங்கே பழம் பறிக்கும் கைகள் யாருடையவை என்று கேட்கலாம். திராட்சையின் ருசிதான் வேண்டுமெனில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்துப் பன்னீர் திராட்சை இருக்கிறது. அதனைப் பழமாகத் தின்பதற்குக் கோப்பையும் வேண்டா, மூக்கால் மோந்து முகவுரை கூறவும் வேண்டா.

தம் பணத்தில் தாம் குடிப்பவரைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. அவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறோம்: ஒரே தராசைக் கைக்கொள்ளுங்கள். தோட்டத்து இளைஞனுக்கு மேடையில் மதுவிலக்கு உபதேசம் செய்யும் வாயும், தீவிலே கோப்பையின் பெருமை பேசும் வாயும் ஒரே முகத்தில் இருத்தலாகாது. குடியைக் குடியென்றே அழையுங்கள். கள்ளுக்கடையை மூடச்சொல்லிக் குண்டடிபட்டு மாண்டவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அவ்வளவேனும் இருக்கட்டும்.