ஐந்நூறு குஞ்சுக்காரனுக்கு உபதேசம் செய்வோர் கவனத்திற்கு

இலங்கையில் டொலருக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ஓர் உபதேசமும் கூடவே வந்து சேர்கிறது. "சோளத்துக்கும் சோயாவுக்கும் ஏன் கப்பலைப் பார்த்திருக்கிறீர்கள்? வேலியில் இப்பில் இப்பில் நிற்கிறது, வளவில் முருங்கையும் மரவள்ளியும் நிற்கின்றன, ஆலையில் தவிடு குவிந்து கிடக்கிறது, அவற்றைப் போட்டுக் கோழி வளருங்கள்" என்பதே அது. 2022 நெருக்கடியின்போது இதைக் கேட்டுக் காது புளித்தது. இப்படிச் சொல்வோரில் பெரும்பாலானோர் கடனுக்குத் தீன் வாங்கி, நாற்பதாம் நாள் தராசின் முன் நின்று அறியாதவர்கள்.

உள்ளூர்த் தாவரத் தீன் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வேண்டும், அவசியம் வேண்டும். அதன் ஆபத்தை யார் தலையில் கட்டுவது என்பதே என் கேள்வி.

புரொய்லர், முற்றத்தைக் கிளறித் தின்னும் ஊர்க்கோழியன்று. 35 முதல் 42 நாட்களுக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு வளர்வதற்கென்றே தெரிந்தெடுத்துப் பெருக்கப்பட்ட இனம். நார் மிகுந்த தீனை அதனால் சரிவரச் செரிக்க இயலாது. இப்பில் இப்பில் இலையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. சிறிதளவுக்கு மேல் கலந்தால் வளர்ச்சி குன்றும். அதன் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்கு நிறம் கொடுக்கும், இறைச்சிக் கோழிக்காரனுக்கு அதனால் என்ன இலாபம்? மரவள்ளியைச் சீவி நன்றாகக் காயவைத்தால் சயனைட்டு பெருமளவு குறையும். ஆனால் அதில் புரதம் இரண்டு மூன்று வீதந்தான். அந்தக் குறையை நிரப்பக் கூடுதல் சோயா வேண்டும். வாசலால் அனுப்பிய டொலர்ச் செலவு கொல்லைப்புறத்தால் உள்ளே வருகிறது.

தேங்காய்ப் புண்ணாக்கும் அரிசித் தவிடுமே நம்மிடம் உண்மையாக உள்ள செல்வம். புண்ணாக்கில் ஏறத்தாழ 20 வீதம் புரதம் உண்டு, ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்லரொக்சின் நஞ்சு சேரும். தவிட்டிலுள்ள எண்ணெய், சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் விரைவில் காறிப்போகும். அதிலுள்ள பொஸ்பரசின் பெரும்பகுதியைக் கோழி தானாகப் பிரித்தெடுக்க மாட்டாது. இவை தீராத குறைகளல்ல. பைற்றேஸ் நொதியமும் செயற்கை லைசினும் சேர்த்தால் இவ்விரண்டையும் இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தலாம். (அவையும் கப்பலில்தான் வருகின்றன, ஆனால் ஒரு தொன் தீனுக்குச் சில கிலோவே போதும்.) இதற்கு ஆய்வுகூடம், கொதிகலன், துல்லியமான தராசு எல்லாம் வேண்டும். இவை தீன் ஆலையிடம் இருக்கலாம், ஐந்நூறு குஞ்சு வளர்ப்பவனிடம் இருக்கமாட்டா.

அவனுடைய கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உயிரெடைக்கு 1.7 கிலோ தீன் என்றால், ஐந்நூறு கோழிகளை இரண்டு கிலோவாக்க 1,700 கிலோ தேவை. மாற்றுத் தீனால் அது 2 கிலோவாக ஏறினால் 2,000 கிலோ. மேலதிகமாக 50 கிலோ மூட்டை ஆறு! புதிய தீன் 15 வீதம் மலிவாக இருந்தால்தான் பழைய செலவோடு சமனாகும். அதற்குள் நாள் பிந்தினால் அடுத்த தொகுதிக் குஞ்சும் பிந்தும். வளர்ப்புச் செலவில் 60, 70 வீதம் தீனுக்கே போகும் தொழிலில் இந்த ஆறு மூட்டை அவனுடைய இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

பரீட்சித்துப் பாராமல் விவசாயியின் தோட்டத்தையே பரிசோதனைக் கூடமாக்கினால் என்ன நேரும் என்பதை நாம் 2021இல் பார்த்தோம். ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை விதித்தார்கள்; நவம்பரில் தடையை நீக்குவதற்குள் 2021/22 பெரும்போகம் கைவிட்டுப்போயிற்று. சோளமும் சரிந்தது, கோழித்தீனும் எட்டாத விலைக்குப் போயிற்று. பண்ணைகள் பல மூடின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தோம். அந்தப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டவர்கள் எவரும் தம் கைக்காசை இழக்கவில்லை.

1986இலேயே விலங்குத் தீன் சட்டம் இயற்றிய நாடு இது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேராதனையிலும் கிளிநொச்சியிலும் விவசாய பீடங்கள் இருக்கின்றன. உள்ளூர்ச் சரக்கைப் பரிசோதித்து, இத்தனை வீதம் வரை கலக்கலாம் என்று வரம்பு கட்டட்டும். ஆலைகள் அந்த வரம்புக்குள் கலந்து, புரதமும் நாரும் இவ்வளவு என்று மூட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விற்கட்டும். தீன் மட்டமாக இருந்து எடை குறைந்தால் நட்ட ஈட்டை விற்றவர் கொடுக்கட்டும். வேலியில் நிற்கும் இப்பில் இப்பிலை அதுவரை ஆடு தின்னட்டும், அதற்கு அது அளவோடு ஒத்துக்கொள்ளும்.