இல்லத்தில் ஒலிக்கும் இசைப் பாடம்

ஹம்ஸத்வனி இராகத்தை இசையுலகுக்கு அளித்தவர் என்று போற்றப்படும் இராமசுவாமி தீட்சிதர், மகப்பேறு வேண்டி வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமியை வழிபட்டார். அவ்வருளால் திருவாரூரில் பிறந்த தலைமகனுக்கு முத்துசுவாமி என்றே பெயரிட்டார். முத்துசுவாமிக்கும், பின்னர்ப் பிறந்த சின்னசுவாமி, பாலுசுவாமி ஆகியோருக்கும் இசையில் முதல் ஆசான் தந்தையே. பாடம் நடந்த இடம் அவர்கள் வாழ்ந்த வீடே.

இந்நாளிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கல்வி பயிற்றுவிக்கும் குடும்பங்கள் சில உண்டு. கணக்கும் அறிவியலும் புத்தகத்தாலும் கணினியாலும் நடந்தேறுகின்றன. இசைப் பாடம் யார் பொறுப்பு என்ற வினா எழுந்தால் மட்டும், வீட்டிலுள்ள முதியோர், “எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே” என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டியதில்லை. தம் பங்கு எது, குருவின் பங்கு எது என்று தெளிந்துகொண்டால் போதும்.

தொடக்கப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அதனாலேயே அவருக்குச் சங்கீத பிதாமகர் என்ற சிறப்புப் பெயர் வழங்குகிறது. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாளங்களுக்குரிய அலங்காரங்கள் ஆகியவற்றை மாயாமாளவகௌளை இராகத்தில் பயில்கிறோம். 15ஆவது மேளமாகிய அதில் ஸ–ரி, க–ம, ப–த, நி–ஸ என்னும் இணைகள் மிக நெருங்கி அமைந்தவை; முற்பாதியின் அமைப்பே பிற்பாதியிலும் வருகிறது. ஆகவே இளம் செவி சுரங்களின் இடத்தை எளிதில் பற்றிக்கொள்ளும். அதன் பின்னரே மலஹரியில் விநாயகர் மீதமைந்த கீதம்.

சுரம் பிசகும்போது அதைக் கண்டு திருத்துவது குருவின் பணி. அதை வீட்டார் தாமே ஏற்றால், பிழை பழக்கமாகிவிடும். பழகிய பிழையை நீக்குவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். ஆனால் குரு வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே வருவார். எஞ்சிய நாட்கள் பாட்டி தாத்தாவின் கையில் உள்ளன.

நாள்தோறும் ஒரே வேளையில் விளக்கேற்றி, குரு குறித்துத் தந்த சுருதியில் தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கச் செய்து குழந்தையை அமர்த்துவது முதற்கடமை. சுருதியை நாளுக்கொன்றாக மாற்றலாகாது. ஒரே வரிசையை மூன்று காலங்களிலும் பாடச் செய்து, பெரியவர் உடனமர்ந்து தாளம் போடலாம். அரைமணி நேரம் போதுமானது. தொண்டை வலிக்கப் பாடச் சொல்வதும், வந்த விருந்தினர் முன் பாடிக்காட்டச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டா. பாடம் முடிந்ததும் அந்தக் கீதத்தை இறைவன் திருமுன் ஒருமுறை பாடுவது நன்று. அங்கே கைதட்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

வீட்டில் பயிலும் குழந்தைக்கு ஒரு குறை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் துணைக்குரல் அதற்குக் கிடைப்பதில்லை. தனியே பாடிப் பழகிய குழந்தை, பிறர் குரலோடு இணைந்து பாடத் தடுமாறும். அக்குறையைத் தீர்ப்பது ஆலயம். மார்கழி வைகறையில் திருப்பாவை, திருவெம்பாவை பாடும் குழு, திருப்புகழ் வகுப்பு, பஜனை கோஷ்டி ஆகியவற்றில் குழந்தையைச் சேர்க்கலாம். பூசைவேளையில் ஓதுவார் பண்ணோடு பாடும் தேவாரத்தையும், நாகசுரத்தையும் அருகிருந்து கேட்கச் செய்யலாம். கேள்வி ஞானம் இவ்வாறே வளர்கிறது.

வீட்டின் எல்லையை இராமசுவாமி தீட்சிதர் குடும்பமும் அறிந்திருந்தது. சென்னையை அடுத்த மணலியில் முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில், இளையவர் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். வீட்டில் இல்லாத வித்தையை வெளியே சென்று பெற அக்குடும்பம் தயங்கவில்லை. இன்று கர்நாடக இசைக் கச்சேரிகளில் பிரியாத துணையாக வயலின் விளங்குவதற்கு அவர் முன்னோடி.

முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் இறைவனடி சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1839இல், பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகச் சுப்பராம தீட்சிதர் பிறந்தார். பாலுசுவாமி அப்பேரனையே மகனாகச் சுவீகரித்து, எட்டயபுரத்தில் தம்முடன் வைத்து இசை கற்பித்தார். பெரியவரின் குரலைக் கேளாத அக்குழந்தைக்கு, அவருடைய கிருதிகள் பாட்டனார் வழியே வந்து சேர்ந்தன. அவற்றைச் சுர, தாளக் குறிப்புகளோடு ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக 1904இல் வெளியிட்டபோது சுப்பராமருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. தீட்சிதரின் கிருதிகளை ஆராய்வோர் இன்றும் முதலில் நாடும் நூல் அதுவே.

எல்லா வீட்டிலும் ஒரு பாலுசுவாமி இருக்க இயலாது. ஆயினும் தாம் இளமையில் கேட்ட ஒரு பதிகம், தம் தாயார் வெள்ளிதோறும் பாடிய ஓர் அம்மன் பாட்டு, திருமண வீடுகளில் ஒலித்த ஒரு நலுங்குப் பாட்டு எந்த முதியவரிடமும் உண்டு. குரு அவற்றைக் கற்பிக்க மாட்டார். பல பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இரா. விஜயதசமியன்று குழந்தைக்கு ஸரளி வரிசையைக் குரு தொடங்கிவைக்கட்டும். அன்று மாலையே அந்தப் பழைய பாட்டுகளுள் ஒன்றைப் பேரப்பிள்ளையின் காதில் பாட்டி பாடத் தொடங்கலாம்.