பொதியின்மேல் தமிழ் எங்கே?

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே கொடிமுந்திரிப் பந்தல்களின் (திராட்சை எனப் பலரும் வழங்குவது இதனைத்தான்) ஊடே நடந்து பாருங்கள். வாய்க்காலோரங்களில் பூச்சிக்கொல்லிக் குப்பிகளும் உரப்பைகளும் நெகிழித் தாள்களும் சிதறிக் கிடக்கும். "நம் உழவனுக்குத் தூய்மை தெரியவில்லை" என்று பழிப்பார் பலர். நாம் கேட்கிறோம்: அக் குப்பியை என்செய்ய வேண்டும் என்று அவன் மொழியில் அவனுக்குச் சொன்னவன் எவன்?

பயன்பட்ட பொருள் குப்பைக்குப் போகாமல் தொழிலுக்கே மீளும் முறையைச் 'சுழற்சிப் பொருளியல்' என்று இன்று புதிதாய்க் கண்டாற்போல் பேசுகின்றனர். நம் கடைத்தெருக்களில் அஃது என்றோ இருந்தது. சோடாப் புட்டிலுக்கு ஈட்டுக்காசு. சாக்கைத் திருப்பித் தந்தால் விலையில் கழிவு. எண்ணெய்க்கு வீட்டுத் தூக்குச்சட்டி. விற்றவனும் வாங்கியவனும் ஒரே மொழியில் பேசிக்கொண்டமையால் பொருள் போன வழியே மீண்டது. இன்று விற்பவன் எங்கோ இருக்கிறான். அவன் நம்மோடு பேசுவதெல்லாம் பொதியின்மேல் அச்சிட்ட எழுத்தால்தான். அவ்வெழுத்தோ அயலெழுத்து!

இது தற்செயலாய் நேர்ந்ததன்று. நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் (2016), 11ஆம் விதியைப் பாருங்கள். பையிலும் பல்லடுக்குப் பொதியிலும் ஆக்கியோன் பெயரும் பதிவெண்ணும், பையாயின் அதன் தடிமனும், ஆங்கிலத்தில் அச்சிடப்படல் வேண்டுமாம்! 2011ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகளோ இந்தி அல்லது ஆங்கிலம் என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாய்ச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம். என்னே கொடை! 2025 சூலை முதல், நெகிழிப் பொதியின் விளத்தங்களைக் கோட்டுக் குறிக்குள்ளும் கட்டக் குறிக்குள்ளும் அடைத்துவிடவும் இசைவளித்துவிட்டனர்.

தில்லிக்கு இது தெரியாததுமன்று. பூச்சிக்கொல்லியின் ஒட்டுத்தாளும் உடன்வரும் தாளும் இந்தி, ஆங்கிலத்தோடு அவ்வவ் வட்டாரத்து மொழி ஒன்றிரண்டிலும் இருத்தல் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் விதிகளே கூறின. வெற்றுக் குப்பியை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்குமாறும் அவை கூறுகின்றன. (புதைப்பது சுழற்சியன்று, அது வேறு வழக்கு.) ஆனால் அத்தாளிலுள்ள தமிழைக் காண உருப்பெருக்கி வேண்டும், கண்டபின் பொருள் விளங்க அகரமுதலியும் வேண்டும்!

மக்கள் மொழியில் சொன்னால் மக்கள் செய்வர். 2019 சனவரியில் ஒருமுறை நெகிழிக்குத் தமிழ்நாட்டரசு தடை விதித்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. (மஞ்சட்பை என்றெழுதியிருக்கலாம், ஊர்வழக்கென்று பொறுத்தோம்.) அவ்விரு சொல்லும் பட்டிதொட்டிகட்கும் விளங்கின. மது விற்கும் அரசை நாம் ஏற்பவரல்லேம். ஆயினும் 2022 மே திங்களில், உயர்முறைமன்ற ஆணையால், நீலமலை (நீலகிரி) மாவட்டத்தில் புட்டிலுக்குப் பத்து உருபா கூடுதலாய் வாங்கித் திருப்பித் தந்தால் மீளக் கொடுத்தபோது, காட்டில் எறியப்பட்டு விலங்கின் காலைக் கிழித்த கண்ணாடி கடைக்கே திரும்பலாயிற்று. விற்பவன் தன் கடமையை விளங்கச் சொன்னான், அவ்வளவே.

சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் கடை வைத்துள்ள தமிழ் வணிகர் தில்லியின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டா. உங்கள் பையிலும், ஏலக்காய்ப் பொதியிலும், விலைச்சீட்டிலும் தடித்த தமிழில் அச்சிடுங்கள்: இஃது எதனால் ஆனது, எங்கே திருப்பித் தருவது, தந்தால் என்ன கிடைக்கும். தமிழ்நாட்டரசோ 11ஆம் விதியில் தமிழையும் கட்டாயமாக்குமாறு தில்லியை வலியுறுத்தட்டும். படிப்போரே! அடுத்தமுறை குப்பி வாங்குகையில், "இதில் தமிழ் எங்கே?" என்று கடைக்காரரைக் கேளுங்கள், அவர் கூறும் விடையை எமக்கு எழுதுங்கள்.