நாமச் சண்டையும் அரசு லேப்டாப்பும்

திருச்சியில் எந்தக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் இந்தச் சண்டை காதில் விழும். மேக் பெரிசா, விண்டோஸ் பெரிசா? ஒருவர் தன் மேக்புக்கின் பேட்டரியைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் "அந்தக் காசுக்கு ரெண்டு கேமிங் லேப்டாப் வாங்கலாம்" என்பார். "ரெண்டுமே குப்பை, லினக்ஸ்தான்" என்று மூலையிலிருந்து மூன்றாவது குரல் வரும். நடுராத்திரி தாண்டியும் ஓயாது. அந்த அறையில் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அவர் கையில் இருப்பது அரசு கொடுத்த லேப்டாப். யாராவது அதைப் பார்த்து "ஓசி லேப்டாப்பா மச்சான்?" என்று சிரிப்பார்கள்.

தோழர்களே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1994-இல் ஒரு கட்டுரையில் மேக்கைக் கத்தோலிக்கம் என்றும் அன்றைய டாஸைப் புராட்டஸ்டண்ட் என்றும் வேடிக்கையாக எழுதினார். அவர் ஊருக்கு அது பொருத்தம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வடகலை, தென்கலை என்றால் போதும். பாதம் வைத்த நாமமா, வைக்காத நாமமா? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இரு கலையாரும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்றப் படி ஏறி வருகிறார்கள். கோயில் யானை நெற்றியில் எந்த நாமம் என்ற கதையைக் கேட்காதவர் யார்?

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் நம் பாட்டன் பாட்டிகள் எங்கே நின்றார்கள்? மதிலுக்கு வெளியே. அவர்கள் உள்ளே கால் வைக்க 1939-இலும் 1947-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. எந்த நாமம் ஜெயித்தாலும் கதவு அவர்களுக்குத் திறந்திருக்காது. மேக்கா விண்டோஸா என்ற சண்டையையும் நான் அந்த மதிலுக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறேன்.

லேப்டாப் சாதி ஆகிவிடாது. காசிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், சாதியை அப்படி மாற்ற முடியாது. ஆனால் சிரிப்பு பாயும் திசையைக் கவனியுங்கள். மேக்காரர் விண்டோஸ்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார். விண்டோஸ்காரர் அரசு லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிறார். மேலே அண்ணாந்து பார்ப்பதும் கீழே எட்டி உதைப்பதும்தான் அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலை ஏற்றத்தாழ்வு. பழக்கப்பட்ட புத்தி புதுச்சாமான் கிடைத்தாலும் பழைய வேலையைத்தான் செய்யும்.

"அப்போ எல்லாம் ஒண்ணுதானா, வித்தியாசமே இல்லையா?" என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது கதவில் இருக்கிறது. ஐபோனுக்குச் செயலி எழுத எக்ஸ்கோடு வேண்டும். எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். எழுதியதை ஆப் ஸ்டோரில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிளே ஸ்டோரில் ஒரே ஒருமுறை 25 டாலர். கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ரசனைச் சமாச்சாரம் இல்லை. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதை அதுவே முடிவு செய்கிறது. பிறகு அதே கதவைத் தாண்டி வந்தவர்கள் அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறார்கள்.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில். நகரத்தில் 23.4 சதவீதம். அப்படிப்பட்ட நாட்டில்தான் தமிழ்நாடு அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் லேப்டாப் வந்தது. 2011 தேர்தலில் அதை வாக்குறுதியாகச் சொல்லி ஜெயித்த ஜெயலலிதா நம் ஸ்ரீரங்கம் தொகுதியின் எம்எல்ஏ. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. மூடியில் முதல்வர் படம் ஒட்டிக் கொடுத்தது அசிங்கம்தான். ஆனால் அதற்குள் இருந்தது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. சோப்புக்குக்கூட வரி கட்டும் நம் அப்பா அம்மாவின் காசு. ஓசி என்று சொல்கிற வாய்க்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு வரலாறு இருக்கிறது. மேக், விண்டோஸ், லினக்ஸ் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. இந்தத் திட்டத்துக்கு முன்பே, அரசு நிறுவனமான எல்காட்டில் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர். தலித் சமூகத்திலிருந்து வந்த ஐஏஎஸ் அதிகாரி. எல்காட்டின் சொந்தக் கணினிகளை அவர் லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசே லினக்ஸ் போட வைத்தார். உரிமக் கட்டணமாக வெளியே போகிற மக்கள் பணத்தை நிறுத்தலாம் என்று செய்து காட்டியவர் அவர். எல்காட்டை விட்டுப் போன பிறகு, 2010 ஜூலையில், அவருடைய சாதிச் சான்றிதழைச் சந்தேகத்துக்குள்ளாக்கி அரசு அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. கண்டனம் கிளம்பியது; பிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அவருடைய எல்லாக் கருத்தோடும் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் ஸ்டீவ் ஜாப்ஸ் எந்தக் கல்லூரியில் படிப்பை விட்டார் என்று சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு உமாசங்கர் எல்காட்டில் என்ன செய்தார் என்று தெரியாமல் போனது தற்செயல் இல்லை.

நீங்கள் கொடி பிடிக்கிற கம்பெனிகளுக்குள் சாதி என்ன செய்கிறது என்றும் பாருங்கள். 2020-இல் கலிபோர்னியா மாநில அரசே சிஸ்கோ மீது, ஒரு தலித் பொறியாளரைச் சாதி காட்டி ஒடுக்கியதாக வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று சேர்த்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு வரை சாதி விமானம் ஏறிப் போயிருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2022-இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த கூட்டம் ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு வெளியேறினார். ஆண்ட்ராய்டுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தோழருக்கு அங்கே ஒரு மணி நேரம் பேச இடமில்லை.

லினக்ஸ்காரர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது அந்த முகாமின் கொள்கை. எழுத்தைப் படிக்கவே தடுக்கப்பட்ட மக்களுக்கு அதைவிடப் பிடித்த கொள்கை ஏது? ஆனால் புதிதாக ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால் "முதல்ல மேனுவலைப் படி" என்று முகத்தில் அடிக்கிறார்கள். எந்த லினக்ஸ் சுத்தமான லினக்ஸ் என்று தங்களுக்குள் ஆசாரம் பார்க்கிறார்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் காவலுக்கு நிற்பது விடுதலை இல்லை.

அரசும் பாதி வேலைதான் செய்தது. பல அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். 2018-இல் வந்த 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு இருக்கிறது. புத்தகத்திலும் பெட்டியிலும் இருப்பது போதுமா? சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டாமா? பக்கத்துக் கேரளாவில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, ஆசிரியர்களைப் பழக்கி, அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்று இது அவசரக் கேள்வி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய செயலி கொண்ட இயந்திரங்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது. நம் தெருக்களில் அக்கா அண்ணன்கள் வாங்கிய அரசு லேப்டாப்புகள் பரணில் கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போகப் போகிற அந்தப் பெட்டிகளில் பலவற்றை, இலகுவான ஒரு லினக்ஸ் போட்டால் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் பைதான் பழகவும் மீண்டும் ஓட வைக்கலாம். இன்னொரு பக்கம், 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று சொல்லி, முதற்கட்டமாக 2000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இந்தப் பெட்டிகளும் ஐந்தாறு ஆண்டில் பரணுக்குப் போகக் கூடாது.

எனவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் அரசு லேப்டாப்பைப் பழுதுபார்க்கவும் புதிய அமைப்பு நிறுவவும் வசதி வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தப் பாடமும் தேர்வும் ஒரே கம்பெனியின் அமைப்பில் மட்டும் ஓடுவதாக இருக்கக் கூடாது. லேப்டாப்போடு வருகிற லினக்ஸைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பென்டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். உங்கள் தெருவில் ஒரு பழைய லேப்டாப்பை எழுப்புங்கள். பக்கத்தில் பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தியை உட்காரவைத்து, அவள் கையாலேயே செய்ய விடுங்கள். அடுத்ததை அவள் எழுப்புவாள்.

மேக் கிடைத்தால் மேக்கில் வேலை செய்யுங்கள், விண்டோஸ் கிடைத்தால் விண்டோஸில் செய்யுங்கள். கருவி நமக்கு வேலை செய்யட்டும். நாம் கருவிக்குக் கூலியில்லாத அடியாள் ஆக வேண்டாம். யார் நாமம் உசத்தி என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அந்தச் சண்டைக்குள் போய் நின்றால் கடைசியில் நமக்குத்தான் நாமம்.

ஜெய் பீம்.